மருத்துவ இயற்பியலாளர் பேறுகால விடுப்பில் போனால் மாற்று ஆள் எங்கே?

மதுரை_நிர்வாகி:
வேறொரு இழையில் ஒருவர், "26 வாரத்துக்கு மாற்று ஆள் தேட முடியாதவர்கள் புற்றுநோய் மருத்துவமனை நடத்தக் கூடாது" என்று எழுதியிருக்கிறார். கதிர்வீச்சு சிகிச்சையின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர்தான் எங்கள் கதிர்வீச்சுப் பிரிவின் பாதுகாப்பு அதிகாரியும்; அவர் தெருமுனையில் கிடைப்பவரா? முதுநிலைப் படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி, அதற்கும் மேல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேர்வு. இவ்வளவும் முடித்தவருக்கும் எங்கள் மருத்துவமனையின் பெயரில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தனியாக ஒப்புதல் தர வேண்டும்.

கதிரளவி:
எழுதியவள் நான்தான். கருவுற்றதை நாங்கள் நிர்வாகத்திடம் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. நான் மூன்றாம் மாதமே கடிதம் கொடுத்தேன். ஆள் தேவை என்ற விளம்பரம் ஏழாம் மாதம்தான் வந்தது. நடுவில் நான்கு மாதம் என்ன செய்தார்கள்?

மதுரை_நிர்வாகி:
எந்தத் தேதியில் விடுப்பு தொடங்கும் என்று கடிதத்தில் இருந்ததா? பிரசவத்துக்கு முன் எட்டு வாரம்வரை எடுக்கலாம் என்கிறது சட்டம். சிலர் கடைசி வாரம்வரை வருகிறார்கள். தேதி தெரியாமல் யாரைப் பணியில் சேர்ப்பது?

கதிரளவி:
தேதியை விடுங்கள். நான்கு மாதம் என்ன செய்தீர்கள்?

தொழிற்சட்டம்:
பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017 திருத்தத்தில் 12 வார விடுப்பு 26 ஆனபோது, அந்தச் சம்பளம் முழுவதையும் முதலாளி தலையில் கட்டியதை இருவரும் பேசவில்லை. விடுப்புச் சம்பளத்தை முதலாளிக்குப் பதிலாகத் தரும் தொழிலாளர் அரசுக் காப்பீடு மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்குத்தான். இயற்பியலாளர் அதற்குள் வரமாட்டார். ஒரே நாற்காலிக்கு இரண்டு சம்பளம்.

அரசுப்பணி_திருச்சி:
தமிழக அரசில் 2021 முதல் ஓராண்டு தருகிறோம். அரசு மருத்துவமனைகள் மூடிவிடவில்லையே.

மதுரை_நிர்வாகி:
உங்களுக்கு மற்ற ஊரிலிருந்து மாற்றுப்பணியில் ஆள் அனுப்புவார்கள். எனக்கு யார் அனுப்புவார்?

அரசுப்பணி_திருச்சி:
மாற்றுப்பணிக்கு வருகிற ஆளும் வேறோர் ஊரின் நோயாளிகளை விட்டுவிட்டுத்தான் வருகிறார். அது உங்களுக்குத் தெரியுமா?

கதிரளவி:
எனக்கு மாற்றாக யாரையும் போடவில்லை. உடன் இருந்த ஒரே இயற்பியலாளர் கதிர்வீச்சு சிகிச்சை தரும் லினாக் இயந்திரத்தின் காலைச் சோதனையையும் நோயாளிகளின் சிகிச்சைத் திட்டங்களையும் தனி ஆளாகப் பார்த்தார். விடுப்பில் இருந்த எனக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. கைக்குழந்தையோடு நான் அளவுக் கணக்குச் சொன்னேன். நான்காம் முறை கேட்க வைக்காதீர்கள், பதில் சொல்லுங்கள்: அந்த நான்கு மாதம்?

மதுரை_நிர்வாகி:
இருக்கிற வேலையிலிருந்து விலக மூன்று மாத முன்னறிவிப்பு, பிறகு வாரிய ஒப்புதல், கடைசியில் ஆறு மாத ஒப்பந்தம். இதற்கு எவர் வருவார்? நான்கு மாதமல்ல, பத்து மாதம் இருந்தாலும் வரமாட்டார்.

கதிரளவி:
கேட்டுப் பார்க்காமல் வரமாட்டார் என்று எப்படித் தெரியும்? நிரந்தரமாக மூன்றாவது ஆளை வைத்திருக்க வேண்டும். அதற்கு மனமில்லை.

தொழிற்சட்டம்:
மூன்றாவது ஆளின் சம்பளத்தை நோயாளியின் ரசீதில் ஏற்றினால் ஏற்பீர்களா?

மதுரை_நிர்வாகி:
அதற்கு அவரிடம் பதில் இருக்காது. தேதி எழுதாத கடிதத்துக்கு நான் பொறுப்பில்லை.