புதுப்பிப்பு: தீயல் சேனலை மூடவில்லை

312 சந்தாதாரரோடு நிற்கும் சமையல் சேனலை மூடிவிடவா என்று போன ஆடியில் கேட்டிருந்தேன். மூடவில்லை. சென்னைத் தமிழில் பேசுவதை நிறுத்தி எங்கள் குமரி மாவட்டப் பேச்சுக்கு மாறினேன், அவ்வளவுதான். தீயலுக்கு, அதாவது வறுத்த தேங்காய் அரைத்து வைக்கும் குழம்புக்கு, தேங்காய் வறுக்கையில், "மக்களே, கருப்பட்டி நிறம் வரட்டும், அவசரப்படாதே" என்று அம்மா பின்னாலிருந்து என்னிடம் சத்தம் போட்டதும் பதிவாகிவிட்டது. வெட்டச் சோம்பல். அந்த வீடியோதான் ஓடியது!

யூடியூப் விளம்பரக் காசுக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். இரண்டும் தாண்டியாச்சு. விளம்பரப் பணத்தைத் தரும் கூகுளின் ஆட்சென்ஸ், முகவரியைச் சரிபார்க்க 10 டாலர் சேர்ந்ததும் அனுப்பும் ரகசிய எண் (PIN) கடிதம் நேற்று தக்கலை வீட்டுக்கு வந்தது. ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம். நான் 23-இல் நிற்கிறேன்.

அதைவிட, வீடியோ பார்த்துக் கேட்டவர்களுக்கு மார்த்தாண்டம் தேன் அனுப்பியதில்தான் கூடுதல் வரவு. விலை சொல்ல இன்னும் நாக்கு கூசுகிறது. கோவையிலிருந்து ஒரு அக்கா பேரம் பேசினார், முதன்முறையாக நான் குறைக்கவில்லை. சரி என்று இரண்டு குப்பி வாங்கினார்.