ரிவ்யூவுக்கு காசு குடுக்கலாமா? கொஞ்சம் சொல்லுங்க
எல்லாருக்கும் வணக்கம், என்னோட முதல் சிறுகதைத் தொகுப்பு இந்த ஜனவரி நந்தனம் புத்தகக் காட்சிக்கு வந்துச்சு, 300 காப்பி போட்டோம், பாதி இன்னும் வேளச்சேரி வீட்ல கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு. இப்போ ஒருத்தர் 3,000 ரூபா குடுங்க, வீடியோ ரிவ்யூ போடுறேன், அமேசான்ல பத்து பேரை வெச்சு அஞ்சு ஸ்டாரும் வாங்கித் தரேன்னு மெசேஜ் பண்றாரு. அமேசான்ல காசு குடுத்து ரிவ்யூ வாங்கக் கூடாது, ஃப்ரீயா புக் குடுக்கலாம் ஆனா பதிலுக்கு ரிவ்யூ கேக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு, அதனால அந்த ஸ்டார் சமாச்சாரம் எனக்கு வேண்டவே வேண்டாம். வீடியோதான் குழப்பம். வெளிநாட்டுல கிர்கஸ்ங்கிற புத்தக ரிவ்யூ பத்திரிகை மாதிரி இடத்துலயே ஃபீஸ் வாங்கித்தான் சொந்தமா புக் போடுறவங்களுக்கு ரிவ்யூ எழுதுறாங்க, ஆனா நல்லாத்தான் எழுதுவோம்னு உத்தரவாதம் கிடையாது. இவரு பாராட்டியே பேசுறேங்கிறாரு, அதான் உறுத்துது. பெய்டுன்னு வீடியோவுலயே சொல்லச் சொன்னா சரியா இருக்குமா? இப்படி குடுத்தவங்க யாராச்சும் இருந்தா நிஜமாவே புக் வித்துச்சான்னு சொல்லுங்க ப்ளீஸ். காசு வாங்காம படிச்சிட்டு, நல்லால்லன்னா நல்லால்லன்னே எழுதுறவங்க இருந்தாலும் சொல்லுங்க, காப்பி நானே அனுப்புறேன்.