தாடைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வேலை: பகல் சாப்பாடு, போன், பஸ்

காலிவீதி
வணக்கம். மேல் தாடை, கீழ் தாடை இரண்டையும் வெட்டி நகர்த்தி பிளேட் போட்ட சத்திரசிகிச்சை. தாடைகளைக் கம்பியால் கட்டவில்லை, பல்லிலுள்ள பிரேஸ் கொக்கிகளில் மாட்டும் ரப்பர் மட்டும். நாலாம் கிழமையில் வேலைக்குப் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வேலை கொழும்புக் கோட்டையில், வாடிக்கையாளர் பிரிவு, பாதி நாள் போனில் போகும். வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ். கீழுதடும் நாடியும் இன்னும் விறைப்பு. பகலுக்கு என்ன கொண்டுபோகலாம், போனில் எப்படிச் சமாளிப்பது, பஸ் சரிவருமா? மெடிக்கல் சான்றிதழில் என்ன எழுதித் தரச்சொல்லிக் கேட்பது?

மெல்லக்கடி
முதலில் ஒன்று. வேலைக்குப் போகலாம் என்றால் கடிக்கலாம் என்று அர்த்தமில்லை. எலும்பு பொருந்தி இறுக 6 முதல் 8 கிழமை ஆகும், அதுவரை பிளேட்டும் ஸ்குரூவும்தான் தாங்குகின்றன. பசி தாங்காமல் கன்ரீனில் ஒரு ரோல்ஸ் கடித்தால் அந்தப் பாரம் முழுக்க ஸ்குரூவில்தான் விழும்.

வேலைக்குத் திரும்புகிறவர்கள் களைத்துப்போவது பெரும்பாலும் வலியால் இல்லை, சாப்பாடு காணாததால். 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 70 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சியில் அது கிடைக்காது. பகலுக்கு மைசூர்ப் பருப்பு 50 கிராம் (அதிலே 12 கிராமளவு புரதம் இருக்கு), பூசணித் துண்டு, கரட், உப்பு, மஞ்சள் போட்டுக் குழைய அவியுங்கள். பிளென்டரில் அடித்து அரிதட்டில் வடித்து, தேங்காய் முதற்பால் 3 மேசைக்கரண்டி விடுங்கள். தாளிக்க வேண்டாம்: கடுகும் செத்தல் மிளகாய் விதையும் பிரேஸ் கம்பிக்குள்ளும் தையலுக்குள்ளும் போய் இருந்துவிடும். இலைக்கஞ்சி நல்லது, ஆனால் வல்லாரை நாரையும் சோற்றுப் பருக்கையையும் வடித்துவிட வேண்டும். விளாம்பழத்தைச் சீனி போட்டுக் கரைத்து வடிக்கலாம். பப்பாசி, யோகட் பிரச்சினையில்லை. மசித்தது சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தால் இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு மசியுங்கள். பிட்டு, சம்பல் இப்போதைக்கு இல்லை.

ஒரு கிண்ணம் முடிக்க அரை மணிக்கு மேல் எடுக்கும், பகல் இடைவேளையை மட்டும் நம்பாதீர்கள். 10 மணிக்கும் 3.30க்கும் பால்மாக் கரைசல் ஒவ்வொரு கப் குடியுங்கள். ஸ்ட்ரோவால் உறிஞ்சுவதை டொக்டர் சரியென்று சொல்லும்வரை தவிருங்கள். கப், அல்லது பாமசியில் வாங்கும் 50 மில்லிலீற்றர் ஊசியில்லாச் சிரிஞ்ச் போதும்.

விறைத்த உதட்டுக்குச் சூடு தெரியாது. பிளேன்டியோ சூப்போ முதலில் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நாடியில் வழிவதும் தெரியாது, மேசையில் சின்னக் கண்ணாடி வையுங்கள்.

சாப்பிட்ட கையோடு சிறுபிள்ளைகளின் மெல்லிய பிரஷ்ஷால் துலக்கி, ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். குளோர்ஹெக்சிடின் (கிருமிகொல்லி வாய்கொப்பளிப்பு மருந்து) தந்திருந்தால் காலையும் இரவும் வீட்டில். பற்பசைக்கும் அதற்கும் அரை மணி இடைவெளி விடாவிட்டால் மருந்து வேலை செய்யாது. அதை வைத்துக்கொண்டு தேத்தண்ணி அதிகம் குடித்தால் பல் கறுக்கும்.

வலி இருந்தால் பாரசிட்டமோல் அல்லது இபுபுரோஃபென்.

நாலுமணிக்காற்று
போன் விசயம். ப, ம இரண்டுக்கும் உதடு மூட வேணும், விறைப்பால் அவைதான் முதலில் குழறும். பல் பொருந்தும் இடம் மாறியதால் ச, ஸ ஊதும். குரலை உயர்த்தினால் தெளிவு வராது, தாடைதான் நோகும். வேகத்தைக் குறையுங்கோ. 20 நிமிசம் கதைத்தால் 10 நிமிசம் மெயில் வேலை எண்டு முதல் கிழமைக்கு மேலதிகாரியிட்டைக் கேளுங்கோ. போனைத் தோளுக்கும் தாடைக்கும் இடையில் இடுக்கவே கூடாது. கதைக்கிறதுக்காக ரப்பரைக் கழட்டவும் வேண்டாம்: எந்த நேரம் கழட்டலாம் எண்டதை டொக்டர்தான் சொல்ல வேணும். எந்தக் கொக்கியிலிருந்து எந்தக் கொக்கிக்கு எண்டு ஒரு படம் எடுத்து வைச்சால், அறுந்தாலும் ஒபிஸிலேயே அதே மாதிரி மாட்டலாம். அதே அளவு ரப்பர்ப் பக்கெட் ஒண்டு பையில் இருக்கட்டும்.

பஸ் குலுங்கிறதால் பிளேட் உடையாது. பயம் வேற: சனத்தின் முழங்கை, பிரேக் அடிக்கேக்கை முன் சீற்றுக் கம்பி. 9.30க்குப் பிறகு ஏறினால் இருக்க இடம் கிடைக்கும். இல்லாட்டி முதல் இரண்டு கிழமை ஓட்டோ. கோட்டை ரயில் காலையில் நெரிசல், சொல்ல மாட்டன். மோட்டார் சைக்கிள் பின்னால் போறது வேண்டாம், முழுமுக ஹெல்மெட் கன்னத்தையும் நாடியையும் அமத்தும்.

மேல் தாடை வெட்டினதால் மூக்கைச் சீறுறதுக்கும் டொக்டரின் அனுமதி வேணும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து விடுங்கோ, அடக்கினால் காற்று கன்னத் தசைக்குள் போகும். ஏசிக்கு உதடு வெடிக்கும், வாசலின் பூசுங்கோ.

தெமட்டகொடை_வாசி
மெல்லக்கடி சொன்ன இபுபுரோஃபெனில் ஒரு திருத்தம். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுபுரோஃபென், டைக்ளோபெனக், அஸ்பிரின் எதுவும் தொடக்கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8க்கு மேல் இல்லை. எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் அளவை டொக்டரிடம் கேளுங்கள். “ஒப்பரேஷன் காய்ச்சல்தான்” என்று வீட்டில் இருக்காமல் டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள்.

உடனே கிளினிக்குக்குப் போக வேண்டியவை: ஒரு பக்கம் மட்டும் வீக்கம் திரும்பக் கூடுவது, வாயில் உப்பான கெட்ட சுவையோ சீழோ, பல் பொருந்துவது திடீரென மாறுவது, நிற்காத மூக்கு இரத்தம். பல் பொருத்தம் மாறினால் ஸ்குரூ தளர்ந்திருக்கலாம், அடுத்த தவணைவரை பார்த்திருக்கக் கூடாது.

மெடிக்கலில் “ஓய்வு” என்று மட்டும் இருந்தால் ஒபிஸில் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்றாகிவிடும். எத்தனை கிழமைக்குத் தொடர்ந்து கதைக்கும் வேலை தவிர்க்க வேண்டும், இடையில் சாப்பிட நேரம் வேண்டும், கிளினிக் நாட்கள் எவை என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய (கசுவல்) லீவும்தான். சுகயீனமும் அந்த 7க்குள்ளேதான் வரும், ஆகவே கிளினிக்குக்கு அரைநாள்களை இப்போதே ஒதுக்குங்கள். சேர்ந்து முதல் வருடம் என்றால் அமய லீவு இரண்டு மாதத்துக்கு ஒன்றுதான்.

காலிவீதி
நன்றி எல்லோருக்கும். பருப்பில் முட்டையும் அடித்தால் மத்தியானம் மணக்காதா?

மெல்லக்கடி
மணக்கும். முட்டையை நன்றாக அவித்து, காலைச் சாப்பாட்டோடு வீட்டிலேயே அடித்துக் குடித்துவிடுங்கள். பிளாஸ்குக்கு அவித்து வடித்த பாசிப்பயறு சேர்க்கலாம். பிளாஸ்கில் கொதிநீர் விட்டு 5 நிமிசம் வைத்து ஊற்றிவிட்டு, பருப்பைக் கொதிக்கக் கொதிக்க நிரப்புங்கள். தேங்காய்ப்பால் விட்டது பாதிச் சூட்டில் மூடினால் பகலுக்குள் புளித்துப்போகும்.