காலிங்வுட் ஐந்தே வருடத்தில் எப்படிப் பெரிய கிளப் ஆனது?

மாடிவீட்டு மணி:

ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்) பார்க்க ஆரம்பித்ததிலிருந்து பழைய கதைகளைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். மெல்பர்ன் கிளப் 1858, ஜீலாங் 1859, கார்ல்டன் 1864, எல்லாம் தாத்தா காலத்துச் சங்கதி. மெல்பர்ன் நகரத்துக் காலிங்வுட் மட்டும் 1892. ஆனால் 1897-ல் விக்டோரியன் ஃபுட்பால் லீக் (இன்றைய ஏஎஃப்எல்) தொடங்கியபோது இருந்த எட்டு கிளப்பில் அதுவும் ஒன்று! வில்லியம்ஸ்டவுன், நார்த் மெல்பர்ன் எல்லாம் அதைவிட மூத்தவை, அவற்றை வெளியே நிறுத்திவிட்டு நேற்று வந்தவனுக்கு எப்படி இடம் கிடைத்தது? பணக்கார ஏரியாவும் இல்லையே, தோல் பதனிடும் இடமும் ஷூ ஃபேக்டரியுமாக இருந்த தொழிலாளர் பகுதி.

இன்னொன்று, 1896 பட்டப் போட்டி ஸ்கோர் 6.9க்கு 5.10 (புள்ளிக்கு முன் கோல், பின் பிஹைண்டு) என்று இருக்கிறது. 45-40 என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய ஸ்கோர்கார்டு:

கூடாது. கோலுக்கு 6, பிஹைண்டுக்கு (கோல் கம்பத்துக்கும் பக்கக் கம்பத்துக்கும் நடுவே போகிற பந்து) 1 என்ற கணக்கு 1897-ல் லீக்கோடு வந்தது. அதற்கு முன் பிஹைண்டைக் குறித்து வைப்பார்கள், ஆனால் முடிவுக்குச் சேர்க்க மாட்டார்கள். ஆக, காலிங்வுட்காரர்கள் சவுத் மெல்பர்னை 6 கோலுக்கு 5 கோல் என்று ஜெயித்தார்கள், அவ்வளவுதான். அந்த வருடம் இரண்டு அணியும் பட்டியலில் சமமாக முதலிடத்தில் முடித்ததால், பட்டத்துக்காகவே தனியாக ஓர் ஆட்டம் வைக்க வேண்டியதாயிற்று. லீக்குக்கு முன் இந்த கிளப்புகள் ஆடிய சங்கத்தில் (விக்டோரியன் ஃபுட்பால் அசோசியேஷன்) அதுதான் முதல் தடவை.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். 1892-ல் அவர்கள் ஒன்றுமில்லாமல் தொடங்கவில்லை. விக்டோரியா பார்க் மைதானத்தில் பிரிட்டானியா என்ற ஜூனியர் (கீழ்மட்ட) கிளப் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஏரியா ஃபிட்ஸ்ராய் 1883-லேயே கிளப் தொடங்கிப் பெரிய அணிகளோடு மோத ஆரம்பித்திருந்தது, அதைப் பார்த்து இவர்களுக்கு வயிற்றெரிச்சல். ஃபிட்ஸ்ராய் மேட்டில் இருக்கிறது, காலிங்வுட் பள்ளத்தில், மழை பெய்தால் மேலே உள்ள சாக்கடை கீழே வந்து சேரும் என்பது அந்தக் காலத்து நிலவரம், அதனால் இந்தப் போட்டி மனப்பான்மை வெறும் பந்து விஷயம் மட்டும் இல்லை. 1892 பிப்ரவரியில் டவுன் ஹாலில் கூட்டம் போட்டார்கள், உள்ளூர் சட்டமன்ற உறுப்பினர் பீஸ்லி தலைவரானார், மே 7 அன்று கார்ல்டனோடு முதல் ஆட்டம். தோற்றார்கள்.

அடுத்த வருடமே மெல்பர்ன் முழுக்க வங்கிகள் கதவைச் சாத்தின. காலிங்வுட்டில் வேலை போகாத வீடு அபூர்வம். ஆனால் மைதானத்துக்கு ஆள் வருவது நிற்கவில்லை, நடந்தே வந்துவிடலாம், சனிக்கிழமை மதியம் வேறு போக்கிடமும் கிடையாது. இந்தக் கூட்டம்தான் அவர்களுடைய சொத்து. 1896-ல் சங்கத்தில் 13 கிளப், டிக்கெட் வசூலில் ஒரு பங்கைச் சின்ன கிளப்புகளுக்குத் தர வேண்டும் என்ற பேச்சு வந்ததும் கூட்டம் சேர்க்கிற கிளப்புகள் பிய்த்துக்கொண்டு போய் லீக்கைத் தொடங்கின. தொடங்கி ஐந்து வருடமா ஐம்பது வருடமா என்று வசூல் பார்க்கிறவன் கேட்க மாட்டான்.

தேதியைக் கவனியுங்கள்: பிரிந்துபோக முடிவெடுத்த கூட்டம் அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை, அந்தப் பட்டப் போட்டி மறுநாள் சனிக்கிழமை. சங்கத்தின் கோப்பைக்காக மோதிய இரண்டு அணியும் முந்தின நாளே சங்கத்துக்கு டாட்டா காட்டியாயிற்று :)

தேவி_கே:

வசூல் மட்டும்தான் காரணம் என்றால் செயின்ட் கில்டா எப்படி உள்ளே வந்தது? லீக்கில் முதல் 48 ஆட்டமும் தொடர்ந்து தோல்வி, முதல் வெற்றி 1900-ல். முதலில் பிரிந்தவை ஆறுதான், கார்ல்டனையும் செயின்ட் கில்டாவையும் பிறகு கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். செயின்ட் கில்டா கையில் நல்ல மைதானம் இருந்தது, இருக்கும் இடமும் சௌகரியம்.

நார்த் மெல்பர்னை விட்டதற்கும் அவர்கள் ரசிகர்களின் முரட்டுத்தனம் ஒரு காரணம் என்பார்கள். 1896 ஜூலையில் அவர்கள் மைதானத்தில் கூட்டம் உள்ளே புகுந்து அம்பயரையே அடித்தது. எதிரணி யார் தெரியுமா, இதே காலிங்வுட்!

பழைய ஸ்கோர்கார்டு:

@தேவி, செயின்ட் கில்டா பாயிண்ட் சரி, மைதானத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். விக்டோரியா பார்க்குக்கும் அது பொருந்தும்.

நான்காவது கம்பம்:

யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லையே. காலிங்வுட்டின் முதல் லீக் ஆட்டம் 1897 மே 8, விக்டோரியா பார்க்கில் செயின்ட் கில்டாவோடு, 5.11 (41) – 2.4 (16). ஆனால் லீக் பட்டம் வர 1902 ஆயிற்று.

அந்த சீசன் நடுவில் டாஸ்மேனியாவுக்குப் போனபோது ஒரு விஷயம் கைவந்தது. அதுவரை பந்தை உயரத் தூக்கி அடிப்பார்கள், கீழே நிற்கிற கும்பலில் எவன் எகிறிப் பிடிக்கிறானோ அவனுக்கு. இவர்கள் பந்தைத் தாழ்வாக, குட்டையாக, விறுவிறுவென்று ஓடுகிறவனுடைய நெஞ்சுக்கு நேராக அடித்துப் பழகினார்கள். ஸ்டாப் பாஸ் (stab pass) என்று பிறகு பெயர் வந்தது. இதைக் கண்டுபிடித்தவர் என்று காலிங்வுட் ஆட்டக்காரர் டிக் கான்டன் பெயரைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆள் மேதை, வாய்தான் சரியில்லை, 1900-ல் அம்பயரைக் கேவலமாகத் திட்டி ஆயுள் தடையே வாங்கினார், பிறகு நீக்கிவிட்டார்கள். 1901 இறுதிப் போட்டியில் எஸன்டனிடம் உதை வாங்கிய அணி, 1902-ல் அதே எஸன்டனை 60-27 என்று சுருட்டியது.

1903 இன்னும் சுவாரஸ்யம். எதிரே ஃபிட்ஸ்ராய், 31-29. ஃபிட்ஸ்ராய் கேப்டன் ப்ரோஸ்னன் கடைசியாக அடித்த பந்து கோலாகியிருந்தால் கோப்பை மேட்டுக்குப் போயிருக்கும், நூலிழையில் தவறியது.

மாடிவீட்டு மணி:

எல்லோருக்கும் நன்றி. விக்டோரியா பார்க் இப்போதும் இருக்கிறதா?

தேவி_கே:

இருக்கிறது. ஆண்கள் ஏஎஃப்எல் ஆட்டங்கள் 1999-ஓடு முடிந்தன, இப்போது பொதுப் பூங்கா. அதே பெயரில் ரயில் ஸ்டேஷனும் உண்டு, இறங்கினால் எதிரிலேயே மைதானம்.