பக்கக் கணக்கா, மொத்தக் கூலியா? காமிக்ஸ் வரைபவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் மக்களே, மதுரை செல்லூர்க்காரன். பகலில் பிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை, ராத்திரியில் காமிக்ஸ். இப்போது ஒருவர் 24 பக்கக் கதை கேட்கிறார். பென்சில், மை, வண்ணம், பலூனுக்குள் எழுத்து எல்லாம் நானே, பக்கத்துக்கு முழுசாக இரண்டு நாள் போகிறது (கண்ணும் போகிறது), அதனால் பக்கக் கணக்கில் கேட்பதா, மொத்தமாகப் பேசுவதா?

போன வருடம் முன்பணம் வாங்காமல் ஒருத்தருக்கு அட்டைப்படம் போட்டு, ஏழு தடவை திருத்தி, கடைசியில் ஒரு டீதான் மிச்சம்.

அப்புறம், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தானாம். இவரோ 'நிரந்தரமாக' என்றே எழுதி அனுப்பியிருக்கிறார். ஆள் கோபித்துக்கொள்ளாமல் அந்த வரியை எப்படி மாற்றச் சொல்வது? ஒப்பந்த மாதிரி இருந்தால் இன்பாக்ஸில் போடுங்கள், சனிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.