பாலியல் கல்வி வகுப்பில் உங்களுக்குத் தவறாகச் சொல்லித்தந்தது எது?

எட்டாம் வகுப்பு. மாணவிகளை வெளியே அனுப்பிவிட்டு ஆசிரியர் கதவைச் சாத்தினார். கரும்பலகையில் '1 = 40' என்று எழுதினார். ஒரு துளி விந்து போனால் நாற்பது துளி இரத்தம் போனதற்குச் சமம் என்றார். அந்த 40 மேல் சாக்பீஸை அழுத்தி இன்னொரு முறை ஓட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அதன்பின் தூக்கத்தில் விந்து வெளியான ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை இழுத்து, வெளுத்திருக்கிறதா என்று பார்த்தேன். மூன்று வருடம். விந்துத் திரவத்தின் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புரோஸ்டேட் சுரப்பியிலும் சுரக்கிறது, அதனால் இரத்தம் குறைவதில்லை என்று கல்லூரியில் படித்த அன்று அழுதுவிட்டேன்.

* * *

எங்களுக்குத் தவறாகச் சொல்லித்தந்த எண் 14. மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் கருமுட்டை 14ஆம் நாள்தான் வெளியேறும் என்று படம் போட்டார்கள். "எனக்கு 35 நாளுக்கு ஒரு முறைதான் மாதவிடாய் வருகிறது, மிஸ்" என்றாள் தோழி. "தேர்வில் 14 என்று எழுது." நோட்டில் தானே கணக்குப் போட்டு எழுதியிருந்த 21ஐ அடித்துவிட்டாள். அவள் கணக்குத்தான் சரி! அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்புதான் முட்டை வெளியேறும். அதுவும் மாதத்துக்கு மாதம் மாறலாம். விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும் என்பதையும் சொல்லவில்லை. கருத்தரிக்காமல் இருக்க 14ஐ நம்பி நாள் எண்ணுகிறவர்களின் கதி என்ன?

* * *

முதலில் எழுதியவருக்கு: ஆசிரியரைப் பழிக்க வேண்டாம். என் பள்ளியில் அந்தப் பாடத்தின் பக்கங்களை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிவிட்டார்கள். உங்களுக்கு ஒருவராவது வாய் திறந்தாரே. பெற்றோர்கள் ஒன்று செய்யுங்கள். பாடப்புத்தகம் கைக்கு வந்ததும் அந்த அத்தியாயத்தை முதலில் நீங்கள் படியுங்கள். குழந்தை கேட்டால் உறுப்புகளின் சரியான பெயரைச் சொல்லுங்கள், பேச்சை மாற்றாதீர்கள். தெரியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, மறக்காமல் கேட்டும் சொல்லுங்கள். பெண் குழந்தைக்கு மாதவிடாய் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மகனுக்கும் அதைச் சொல்லுங்கள். கன்னிச்சவ்வைப் பார்த்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது என்பதை இருவருக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

* * *

மீண்டும் நான்தான், 1 = 40. பின் அடித்த பக்கமாக இருந்திருந்தால் பிரித்துப் படித்திருப்பேன் ஐயா. ஆசிரியரே பலகையில் எழுதியதைச் சரிபார்க்க வேண்டும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. போன வாரம் அக்கா மகன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். யாரோ சொன்னார்களாம், அதே 40. கண்ணாடிப் பக்கம் அவன் போவதற்குள் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.