பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, 1997

சுப்பையா: மக்கா, தை மாதம் பள்ளியில் கூடுவது முடிவாகிவிட்டது. பலரைப் பார்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. யார் எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று ஆளுக்கு நாலு வரி போடுங்கள். நான் புளியங்குடியில்தான், அப்பாவின் எலுமிச்சை கமிஷன் கடையைப் பார்த்துக்கொள்கிறேன்.

முருகையா: மதராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டேன். குன்னூர் வெலிங்டனில் பயிற்சி, அப்புறம் காஷ்மீர், அசாம், ராஜஸ்தான் என்று ஓடியது. மனதில் நிற்பது என்னவோ 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளம்தான். செங்கன்னூர் பக்கம் மாடியில் மாட்டிக்கொண்டவர்களைப் படகில் இறக்கினோம். வயதானவர்கள் படகில் கால் வைக்கவே பயந்தார்கள். தமிழில் "பயப்படாதீங்க அம்மா" என்று சொன்னால் புரிந்துகொண்டு கையைக் கொடுத்தார்கள்.

மாடசாமி: நான் மின்வாரியத்தில் வயர்மேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அப்போது எங்களை ஸ்ரீவைகுண்டம் பக்கம் அனுப்பினார்கள். கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது. "எப்போது கரண்ட் வரும்" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஆனால் வீட்டுச் சுவர் ஈரமாக இருக்கும்போது இணைப்புக் கொடுத்தால் தொட்டவர் உயிர் போய்விடும். மீட்டர் பெட்டி காய்ந்திருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்துத்தான் கொடுத்தோம். அடுப்பெரிக்க விறகு கிடைக்காத நேரத்திலும் அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்குக் கடுங்காப்பி போட்டுத் தந்தார்கள்.

பேச்சியம்மாள்: வாசுதேவநல்லூர் பக்கம் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளை அரசு இணையத்தில் பதிந்து பிக்மி எண் வாங்கித் தருவது, புதன்கிழமை தடுப்பூசி, சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை. ஓட்டம்தான், ஆனால் பிடித்த ஓட்டம். செய்யது, நீ ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

செய்யது: துபாயில் டிரைவர் என்பது உங்களுக்குத் தெரியும். இன்னொன்றும் செய்கிறேன். இங்கே நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் யாராவது இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்பும் வேலையை நாங்கள் சிலர் சேர்ந்து பார்க்கிறோம். முதலில் மருத்துவமனையில் இருந்து இறப்பு அறிவிப்பு, பிறகு போலீஸ் தடையின்மைக் கடிதம், இறப்புச் சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ரத்து செய்து அங்கேயும் ஒரு கடிதம் வாங்க வேண்டும். அப்புறம் இங்கே சோனாப்பூர் என்ற இடத்தில் உடலைப் பதப்படுத்துவார்கள், அது முடிந்தால்தான் விமானச் சரக்கில் ஏற்றுவார்கள். ஒரு காகிதம் குறைந்தாலும் அன்றைக்கு விமானம் போய்விடும், ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் பந்தல் போட்டுக் காத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒருவர் ஒரு அலுவலகம் என்று பிரித்துக்கொண்டு ஓடுவோம். இறந்தவர் இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று யாரும் கேட்பதில்லை.

முருகையா: செய்யது, இத்தனை நாளாய் ஒரு வார்த்தை சொன்னதில்லையே! கும்பிடுகிறேன் மாப்ள.

செல்வராணி: என் சித்தப்பா மகன் ஷார்ஜாவில் இறந்தபோது உடல் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. யாரைக் கேட்பது என்றே எங்களுக்குத் தெரியாது. நீ நல்லா இருக்கணும் செய்யது.

சுப்பையா: சரி, தை மாத விழாவுக்கு வருவோம். ஆசிரியர்களுக்குச் சால்வை, பள்ளிக்கு ஒரு ஷீல்டு, மதியம் பிரியாணி. ஆளுக்கு 2,000 ரூபாய். கோமதி டீச்சர், நீ அங்கேயே வேலை பார்க்கிறாய், பள்ளிக்கு வேறு என்ன வேண்டும்?

கோமதி: சால்வை போடுங்கள், நம் கணக்கு சாருக்கு 80 வயதாகிறது, சந்தோஷப்படுவார். ஆனால் ஷீல்டு வைக்க அலமாரியில் இடம் இல்லை. எனக்கு வேண்டியது உங்கள் சனிக்கிழமைகள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்று ஒரு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வாகிவிட்டால் ஒன்பதாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய், மொத்தம் 48,000. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் பீடி சுற்றிப் பிழைக்கிறார்கள். பெண்பிள்ளையின் படிப்பைப் பத்தாவதோடு நிறுத்தாமல் இருக்க இந்தப் பணமே போதும். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மனத்திறன் கேள்விகள் பாடப் புத்தகத்தில் கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து போட்டுப் பழக்க ஆள் வேண்டும். என் வகுப்பில் நாற்பது பேர், நான் ஒருத்தி.

முருகையா: எண் தொடர், விடுபட்ட உருவம், அந்த மாதிரிதானே? ஆள் சேர்ப்புத் தேர்வுக்கு நான் படித்ததும் அதுதான். எல்லாச் சனிக்கிழமையும் வருகிறேன் டீச்சர்.

செல்வராணி: என் மகள் இந்தப் பணத்தில்தான் படிக்கிறாள். தேறினால் மட்டும் போதாது கோமதி. பிள்ளை பேரில் வங்கிக் கணக்கு வேண்டும், அதில் ஆதாரை இணைத்திருக்க வேண்டும், வருடா வருடம் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். பதினொன்றாவதில் தொடர்ந்து கிடைக்கப் பத்தாவதில் 60 சதவீதமாவது எடுக்க வேண்டும். இ-சேவை மையத்துக்கு அம்மாக்களை நான் கூட்டிப்போகிறேன். ஒரு நாள் பீடிக் கூலி போனால் போகட்டும்.

சுப்பையா: உன் கூலி போக வேண்டாம், கடையில் இருந்து நான் தருகிறேன்.

செல்வராணி: அதைப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் எடுக்கக் கொடு.

கோமதி: இன்னொன்று. மாடசாமி, பேச்சி, நீங்கள் இப்போது எழுதியதை அப்படியே வகுப்பில் வந்து சொல்லுங்கள். என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால் டாக்டர், போலீஸ், இல்லாவிட்டால் திருப்பூர் என்பார்கள். இந்த ஊரில் படித்து வயர்மேன் ஆகலாம், செவிலியர் ஆகலாம், அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

மாடசாமி: மைக் பிடித்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையுறை, பெல்ட், டெஸ்டர் எல்லாம் கொண்டு வந்து காட்டுகிறேன், அதைப் பார்த்து அவர்களே கேள்வி கேட்கட்டும்.

செய்யது: டிசம்பரில் லீவுக்கு வருகிறேன், நானும் பேசுகிறேன். பத்தாவது தேறாதவன் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று போட்டுவிடுவார்கள். அவன் வேலைக்கு வளைகுடா வர வேண்டுமென்றால் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். அதைத் தாண்டுவதற்குத்தான் போலி ஏஜென்டிடம் பணம் கொடுத்து சுற்றுலா விசாவில் வந்து தவிக்கிறார்கள். பத்தாவதுச் சான்றிதழின் விலை எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. பையன்கள் அதை இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

பேச்சியம்மாள்: நான் பெண்பிள்ளைகளிடம் தனியாகப் பேசுகிறேன். ஹீமோகுளோபினும் பார்த்துவிடலாம். கட்டிடம் பழையதுதானே, வெளிச்சம் உள்ள அறையாகக் கொடு.

கோமதி: ஏழாவது 'அ' அறை, கிழக்கு ஜன்னல். தலைமை ஆசிரியரிடம் நாளைக்கே கேட்டுவிடுகிறேன்.

சுப்பையா: அப்போ ஷீல்டு வேண்டாம். சால்வையும் சாப்பாடும் இருக்கட்டும். மீதிப் பணம் வினாத்தாள் பிரதிக்கு. வரும் சனிக்கிழமை காலை 9:30க்குத் தொடக்கம். முருகையா, முதல் வகுப்பு உனக்கு. பென்சில் பெட்டி நான் வாங்கி வருகிறேன்.

கோமதி: ரப்பரும் வாங்கு சுப்பையா. உருவம் வரையும்போது பிள்ளைகள் நிறைய அழிப்பார்கள்.